411 அலாரம் வந்தால் எங்கே தொடங்குவது? சர்வோ ஆக்சிஸ் பொசிஷன் எரர்: புதியவர்களுக்கான வழிகாட்டி

பெங்களூர் பீன்யாவில் ஒரு சின்ன யூனிட்டில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். எங்கள் விஎம்சி மெஷினில் (ஸ்பிண்டில் செங்குத்தாக இருக்கும் சிஎன்சி மில்லிங் மெஷின்) இசட் ஆக்சிஸுக்கு, அதாவது மேலும் கீழும் நகரும் ஆக்சிஸுக்கு, 411 அலாரம் வந்து மூன்று நாள் உற்பத்தி நின்றது. கடைசியில் காரணம் 220 ரூபாய் ரிலே ஒன்று. ஆனால் அதைக் கண்டுபிடிப்பதற்குள் ஒரு மோட்டாரின் பிரேக்கைக் கெடுத்துவிட்டோம். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் பக்கமிருந்து ஐடிஐயோ டிப்ளமோவோ முடித்து இங்கே வேலைக்கு வரும் தம்பி தங்கைகள் இதே பாடத்தை இதே விலை கொடுத்துப் படிக்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

இதில் வரும் எண்கள் ஃபானுக் 0ஐ வகைக் கண்ட்ரோலுக்கு உரியவை. சீமென்ஸ் என்றால் ஓடும்போது 25050, நிற்கும்போது 25040 வரும். மிட்சுபிஷியில் 0052. எண் மாறினாலும் தேடும் முறை ஒன்றுதான்.

முதலில் ஒரு விஷயம் மனதில் பதியட்டும். கண்ட்ரோல் "இங்கே போ" என்று சொல்லும் இடத்துக்கும் ஆக்சிஸ் உண்மையில் இருக்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளிதான் பொசிஷன் எரர். ஓடும்போது ஆக்சிஸ் கட்டளைக்குக் கொஞ்சம் பின்னால்தான் வரும்; அது இயல்பு, அதில் தப்பில்லை. அந்த இடைவெளி அனுமதித்த அளவைத் தாண்டினால்தான் அலாரம். ஓடும்போது தாண்டினால் 411, நிற்கும்போது தாண்டினால் 410. பழைய 0எம், 0டி மெஷின்களில் நடு எண் ஆக்சிஸைக் குறிக்கும்: 421 என்றால் இரண்டாவது ஆக்சிஸ் ஓடும்போது.

1. ரீசெட் அழுத்தும் முன்

கை தானாக ரீசெட் பட்டனுக்குப் போகும். தடுத்துக்கொள்ளுங்கள். செல்போனை எடுத்து அலாரம் திரை, பொசிஷன் திரை, ஓடிக்கொண்டிருந்த புரோகிராம் வரி மூன்றையும் படம் எடுங்கள். பிறகு அலாரம் ஹிஸ்டரியைத் திறந்து எது முதலில் வந்தது என்று பாருங்கள். ஒரு ஆக்சிஸ் விழுந்தால் மற்றவற்றுக்கும் சேர்த்து 401 (டிரைவ் தயாரில்லை) போன்றவை வந்து குவியும். முதலில் வந்ததுதான் கணக்கு.

அப்புறம் ஒரு நோட்டில் இவற்றை எழுதுங்கள்: எந்த ஆக்சிஸ், எந்தத் திசை, எந்த இடத்தில், ரேப்பிடா (வெட்டாமல் வேகமாக நகரும் ஓட்டம்) கட்டிங்கா, மெஷின் ஆன் செய்து எவ்வளவு நேரம், அதற்கு முன் எமர்ஜென்சி அழுத்தி எடுத்தார்களா.

கடைசிக் கேள்வியை நாங்கள் கேட்கவே இல்லை. எங்கள் ஆபரேட்டர் பையன் முதல் நாளே சொன்னான்: "அண்ணா, காலையிலயும் சாப்பிட்டு வந்த பிறகும்தான் வருது. நடுவுல ஓடுது." அதை யாரும் காதில் வாங்கவில்லை. சாப்பிடப் போகும்போது எமர்ஜென்சி அழுத்திவிட்டுப் போவது எங்கள் யூனிட் வழக்கம். எமர்ஜென்சி எடுத்தவுடன் வரும் முதல் இசட் நகர்வில்தான் அலாரம் விழுந்துகொண்டிருந்தது. மூன்று நாள் தேடிய பதில் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. ஆபரேட்டர் சொல்வதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வையுங்கள்.

2. இசட் ஆக்சிஸ் என்றால் முதலில் கட்டை

விஎம்சியில் இசட் தலை புவியீர்ப்பில் கீழே இறங்கும் எடை. பிரேக், மோட்டார், கப்ளிங் (ஆக்சிஸை நகர்த்தும் திருகான பால்ஸ்க்ரூவை மோட்டாரோடு இணைப்பது) எதைத் தொடுவதாக இருந்தாலும் டேபிளுக்கும் ஸ்பிண்டில் தலைக்கும் நடுவில் கனமான மரக்கட்டையை நிறுத்தித் தலையை அதன் மேல் உட்கார வையுங்கள். டூல் இல்லாமல், ஸ்பிண்டில் மூக்கில் அடிபடாத இடத்தில் கட்டை தாங்க வேண்டும். கட்டை வைக்காமல் மோட்டார் போல்ட்டைக் கழற்றவே கூடாது.

பேனலுக்குள் கை வைக்கும் முன் மெயின் ஸ்விட்சை ஆஃப் செய்து பூட்டுப் போடுங்கள். சர்வோ டிரைவின் (மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் யூனிட்) டிசி பக்கத்தில் ஏறத்தாழ 300 வோல்ட் சில நிமிடங்கள் தங்கியிருக்கும். சார்ஜ் விளக்கு அணையும்வரை காத்திருந்து, மீட்டரிலும் அளந்து பார்த்த பிறகே தொடுங்கள். பேனல் வேலை பழக்கமில்லை என்றால் எலக்ட்ரீஷியனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

3. டயக்னோசிஸ் 300 படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்த ஒன்றைக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. சிஸ்டம் கீயை அழுத்தி டயக்னோசிஸில் 300ஐத் தேடினால் ஒவ்வொரு ஆக்சிஸின் பொசிஷன் எரரும் அந்த நொடிக்கு எவ்வளவு என்று தெரியும். பெரும்பாலான மெஷின்களில் 1 என்றால் ஒரு மைக்ரான்.

எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லலாம். வேகத்தை 60ஆல் வகுத்து, அதை சர்வோ கெயினால் (ஆக்சிஸ் கட்டளையை எவ்வளவு நெருக்கமாகப் பின்தொடரும் என்பதைத் தீர்மானிக்கும் எண்) வகுக்க வேண்டும். கெயின் பாராமீட்டர் 1825இல் இருக்கும். 3000 என்று போட்டிருந்தால் 30 என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மெஷினில் ரேப்பிட் நிமிடத்துக்கு 24 மீட்டர், அதாவது 24,000 மி.மீ. 24,000ஐ 60ஆல் வகுத்தால் 400. அதை 30ஆல் வகுத்தால் 13.33 மி.மீ. ஆக முழு ரேப்பிடில் 300இல் ஏறத்தாழ 13,333 தெரிய வேண்டும். ஓடும்போது அனுமதிக்கும் எல்லை பாராமீட்டர் 1828. இந்தக் கணக்கில் வந்த எண்ணை 1.2ஆல் பெருக்கினால் 16,000. எங்கள் மெஷினிலும் அதுவேதான் போட்டிருந்தது. நிற்கும்போது உள்ள எல்லை 1829. எங்களிடம் அது 500, அதாவது அரை மி.மீ.

சோதனைக்கு முழு ரேப்பிட் வேண்டாம். ஜாக் மோடில் நிமிடத்துக்கு 1,000 மி.மீ. வேகத்தில் ஓட்டுங்கள். 300இல் 556 பக்கம் வந்து அசையாமல் நிற்க வேண்டும். நிறுத்தியதும் சைபருக்கு வந்து ஓரிரண்டு எண் மட்டும் ஆடலாம். (ஃபீட் ஃபார்வர்டு, அதாவது பின்தங்கலை முன்கூட்டியே ஈடுகட்டும் வசதி, போட்டிருக்கும் மெஷினில் கட்டிங் ஃபீடில் இந்த எண் குறைவாக வரும். அப்போது நல்ல ஆக்சிஸோடு ஒப்பிடுங்கள்.) எண் போகப் போக ஏறிக்கொண்டே போனால் ஆக்சிஸ் பின்தங்குகிறது. ஏறி இறங்கித் துள்ளினால் ஸ்லைடு பிடித்துப் பிடித்து விடுகிறது. ஒரு இடத்தில் மட்டும் குதித்தால் அந்த இடத்தில் கவரோ பால்ஸ்க்ரூவோ கேபிளோ ஏதோ இருக்கிறது.

கூடவே சர்வோ டியூனிங் திரையில் கரண்ட் சதவீதத்தையும் பாருங்கள். அந்தத் திரை வரவில்லை என்றால் பாராமீட்டர் 3111இன் முதல் பிட்டை, அதாவது 0ஆவது பிட்டை, 1 ஆக்கினால் வரும்.

எரர் ஏறுகிறது, கரண்டும் ஏறுகிறது என்றால் மோட்டார் தள்ளுகிறது, ஆக்சிஸ் நகர மறுக்கிறது: மெக்கானிக்கல் பக்கமோ பிரேக்கோ. அப்படி இல்லாமல் எரர் ஏறும்போது கரண்ட் வரவே இல்லை, அல்லது தாறுமாறாக ஆடுகிறது என்றால் டிரைவ், கேபிள், மோட்டார் பக்கம் போங்கள். இந்த ஒரு பிரிவினை மட்டும் சரியாகச் செய்தாலே தேவையில்லாத பார்ட்ஸ் வாங்குவது நின்றுவிடும்.

4. ஆக்சிஸ் கனமாக இருந்தால்

செலவில்லாத இடத்திலிருந்து தொடங்குங்கள். டெலஸ்கோப் கவரைக் கழற்றி உள்ளே சுருள் சிக்கியிருக்கிறதா, தகடு வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். லூப்ரிகேஷன் டேங்கில் எண்ணெய் இருப்பது போதாது. அது ஸ்லைடுவரை போகிறதா என்பதுதான் கேள்வி. ஸ்லைடை விரலால் தொட்டால் எண்ணெய்ப் படலம் ஒட்ட வேண்டும். ஒட்டவில்லை என்றால் குழாய் உடைந்திருக்கும் அல்லது அளவு வால்வு அடைத்திருக்கும். பெரும்பாலான மெஷின்களுக்கு 68 கிரேடு வே ஆயில். மேனுவலில் போட்டிருப்பதைப் பார்த்து ஊற்றுங்கள், கைக்குக் கிடைத்த ஹைட்ராலிக் ஆயிலை வேண்டாம்.

எக்ஸ், ஒய் ஆக்சிஸுக்கு மட்டும் ஒரு சோதனை: பவரை ஆஃப் செய்து பால்ஸ்க்ரூவைக் கையால் சுற்றிப் பாருங்கள். முழு நீளத்துக்கும் ஒரே மாதிரி வர வேண்டும். ஒரு இடத்தில் இறுகினால் கிப் (ஸ்லைடின் இடைவெளியைச் சரிசெய்யும் பட்டை), ஸ்க்ரூ நட்டு, முனை பேரிங் மூன்றில் ஒன்று. பிரேக் உள்ள ஆக்சிஸில் இது நடக்காது, முயற்சிக்க வேண்டாம்.

கப்ளிங் பற்றி ஒரு குழப்பம் உண்டு. லீனியர் ஸ்கேல் (ஆக்சிஸிலேயே பொருத்திய அளவுகோல்) இல்லாத மெஷினில், இடத்தை அளந்து சொல்லும் என்கோடர் மோட்டாரிலேயே இருக்கிறது. கப்ளிங் நழுவினாலும் மோட்டார் சரியாகச் சுற்றுவதால் 411 வராது. ஜாபில் அளவுதான் தப்பும். ஸ்கேல் உள்ள மெஷினில் கப்ளிங் நழுவினால் எரர் அலாரம் வரும். உங்கள் மெஷின் எந்த வகை என்று தெரிந்துகொண்டு கப்ளிங்கைக் கழற்றுங்கள்.

நான்காவது ஆக்சிஸ் ரோட்டரி டேபிள் இருந்தால் கிளாம்பைப் பாருங்கள். கிளாம்ப் விடாமல் சுற்றச் சொன்னால் 411. நின்ற பிறகு கிளாம்ப் இறுக்கும்போது டேபிளைக் கொஞ்சம் தள்ளினால் 410.

5. பிரேக்: நாங்கள் தவறவிட்ட இடம்

இசட் மோட்டாருக்குள் இருக்கும் பிரேக் ஸ்பிரிங்கால் பிடிக்கும், கரண்ட் வந்தால் விடும். இன்றைய மெஷின்களில் பெரும்பாலும் 24 வோல்ட் டிசி. சர்வோ தயாரானதும் ஒரு ரிலே இழுத்து, அதன் கான்டாக்ட் வழியாக அந்த 24 வோல்ட் பிரேக் காயிலுக்குப் போகும். எமர்ஜென்சி அழுத்தினால் ரிலே விழும், பிரேக் பிடிக்கும்.

எங்கள் ரிலேயின் கான்டாக்ட் கருகியிருந்தது. சில நேரம் நன்றாகத் தொடும், சில நேரம் அரைகுறையாகத் தொடும். நன்றாகத் தொட்டுவிட்டால் அடுத்த எமர்ஜென்சிவரை மெஷின் ஒழுங்காக ஓடும். ரிலேக்கு முன்னால் 24.2 வோல்ட், பின்னால் 15 வோல்ட். மீட்டரின் இரண்டு எண்ணையும் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அதை அளக்கப் பிடித்தது ஐந்து நிமிடம்.

பேனலில் 24 வோல்ட் இருக்கிறது என்பதோடு நிறுத்தாதீர்கள். ரிலேக்குப் பின்னால், முடிந்தால் மோட்டார் பிரேக் கனெக்டர் வரை போய் அளக்க வேண்டும். அதுவும் சர்வோ ஆன் ஆகி, காயில் லோடில் இருக்கும்போது அளக்க வேண்டும். காயிலைக் கழற்றிவிட்டு அளந்தால் கருகிய கான்டாக்டிலும் 24 தெரியும். இழுக்கும்போதும் விடும்போதும் மோட்டாரிலிருந்து "டக்" என்று சத்தம் கேட்க வேண்டும்.

6. கேபிளும் கரண்டும்

எப்போதும் ஒரே இடத்தில் அலாரம் விழுந்தால் கேபிள் செயினைச் சந்தேகியுங்கள். வளைந்து வளைந்து உள்ளே கம்பி அறுந்திருக்கும். மோட்டார் கனெக்டரைக் கழற்றினால் உள்ளே பால் நிறத்தில் ஈரம் தெரிகிறதா பாருங்கள். அது கூலன்ட்.

மோட்டாரை டிரைவிலிருந்து முழுதாகக் கழற்றிய பிறகு மூன்று பேஸுக்கும் நடுவே ரெசிஸ்டன்ஸ் சமமாக இருக்கிறதா அளந்து, 500 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷன் அளக்கும் மீட்டர்) பேஸுக்கும் எர்த்துக்கும் பாருங்கள். 100 மெகாஓமுக்கு மேல் என்றால் நல்லது. 10க்குக் கீழே வந்தால் மோட்டார் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறது. 1க்குக் கீழே என்றால் ஓட்டவே கூடாது. டிரைவ் இணைந்திருக்கும்போதோ என்கோடர் பின்களிலோ மெக்கர் வைத்தால் அவை செத்துப்போகும். இந்தத் தவறு நடப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

டிரைவுக்கு வரும் சப்ளையில் மூன்று ஜோடியையும் அளந்து பாருங்கள். 200 வகை டிரைவுக்கு 200 முதல் 240 வோல்ட் வர வேண்டும். 415ஐ இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர், கான்டாக்டர் இரண்டிலும் ஒரு பேஸ் தளர்ந்தாலே மோட்டாருக்கு வலு குறையும்.

என்கோடரை எல்லோரும் முதலில் சந்தேகிப்பார்கள். ஆனால் என்கோடர் கெட்டால் பெரும்பாலும் 360 முதல் 387 வரை உள்ள ஏதாவது அலாரம் கூடவே வரும். 411 மட்டும் தனியாக வந்தால் என்கோடரைக் கடைசியில் பார்க்கலாம்.

7. செய்யவே கூடாதவை

1828ஐ ஏற்றாதீர்கள். எங்களுக்கு வெளியிலிருந்து வந்த ஒருவர் 16,000ஐ 30,000 ஆக்கிவிட்டுப் போனார். அலாரம் நின்றது, எல்லோருக்கும் சந்தோஷம். அரை நாள் கழித்து 436 வந்தது, மோட்டார் ஓவர்லோட். போய்த் தொட்டால் மோட்டாரில் கை வைக்க முடியவில்லை, கருகிய வாசனை வேறு. அத்தனை நேரமும் பாதி பிடித்த பிரேக்கை மோட்டார் இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறது. 411 நமக்குச் சொல்லிக்கொண்டே இருந்ததை நாமே வாயைப் பொத்தினோம். இந்தப் பாராமீட்டர் மெஷின் செய்தவர் கணக்குப் போட்டு வைத்தது. வேறு யாரோ முன்பே மாற்றியிருந்தால் மட்டும், பழைய பேக்அப்போடு ஒப்பிட்டு அசல் மதிப்பைத் திரும்பப் போடலாம்.

ஃபீட்பேக் கேபிளை (என்கோடரிலிருந்து வருவது) மட்டும் இரண்டு ஆக்சிஸுக்கு நடுவே மாற்றிப் போட்டுப் பார்க்காதீர்கள். மோட்டார் கட்டுப்பாடில்லாமல் ஓடும். ஒரே மாடல் எண் உள்ள டிரைவ்கள் இருந்தால் டிரைவை மாற்றிப் போடலாம். அலாரம் கூடவே போகிறதா என்று தெரிந்துவிடும்.

ஆப்சல்யூட் என்கோடர் (பவர் போனாலும் பேட்டரியால் இடத்தை நினைவில் வைப்பது) உள்ள மெஷினில் ஃபீட்பேக் கேபிளைக் கழற்றி நீண்ட நேரம் விட்டால் ரெஃபரன்ஸ் போய்விடும், 300 அலாரம் வரும். கழற்றும் முன் ஹோம் இடத்தைக் குறித்து வையுங்கள். பேட்டரி மாற்றுவது எப்போதும் மெஷின் ஆனில், எமர்ஜென்சி அழுத்திய நிலையில்.

8. ஆளைக் கூப்பிடும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் பேக்அப். மெஷினை ஆன் செய்யும்போது திரைக்குக் கீழே வலது ஓரத்தில் உள்ள இரண்டு சாஃப்ட் கீகளையும் சேர்த்துப் பிடித்தால் பூட் திரை வரும். அதில் எஸ்ரேம் (பாராமீட்டர், புரோகிராம் எல்லாம் இருக்கும் மெமரி) பேக்அப் எடுத்து மெமரி கார்டில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய கண்ட்ரோலுக்கு வேண்டிய சிஎஃப் கார்டு, ரிலே, கனெக்டர் எல்லாம் எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும். ஞாயிறு நம்பிப் போகாதீர்கள்.

பிறகு ஒரே பையில்: மெஷின் சீரியல் எண், கண்ட்ரோல் மாடல், மோட்டார் நேம் பிளேட்டிலும் டிரைவிலும் ஏ06பி என்று தொடங்கும் முழு எண், எலக்ட்ரிக்கல் டிராயிங், அலாரம் படங்கள், 300இலும் கரண்டிலும் நீங்கள் எழுதிய எண்கள். இவை இருந்தால் போனிலேயே பாதி விஷயம் தீரும். இல்லையென்றால் முதல் விசிட் முழுக்க இவற்றைத் தேடுவதிலேயே போய்விடும், அதற்கும் பில் வரும். எலக்ட்ரானிக் சிட்டி பக்கமிருந்து ஒருவர் பீன்யா வந்து சேர்வதற்குள் காலைப் பொழுது கரைந்துவிடும். முதல் நாள் மாலையே விவரம் அனுப்பி, காலை முதல் அழைப்பாகப் பதிவு செய்யுங்கள்.

மோட்டாரையோ டிரைவையோ ரிப்பேருக்கு அனுப்பினால் டெலிவரி சலான் போட்டு, சீரியல் எண்ணை அதில் எழுதி, படமும் எடுத்து வையுங்கள். மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் இ-வே பில் வேண்டும். ஓசூர் யூனிட்டிலிருந்து பெங்களூருக்கு வருவதென்றால் அத்திப்பள்ளியில் மாநில எல்லை தாண்டுகிறது. மதிப்பு குறைவாக இருந்தாலும் கணக்காளரிடம் கேட்டு இ-வே பில்லோடு அனுப்புங்கள்.

9. எங்களுக்கு ஆன செலவும் நேரமும்

வெளியாள் இரண்டு விசிட், தலா 6,500. பிரேக் மாற்றி மோட்டார் சரிசெய்ய 38,000, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 6,840. ரிலே 220. நின்ற மூன்று நாளும் மோட்டார் திரும்பி வர ஆன ஆறு நாளும் தனி. முதல் நாளே ரிலேக்குப் பின்னால் மீட்டர் வைத்திருந்தால் 220 ரூபாயோடு முடிந்திருக்கும். மேலே சொன்ன 1 முதல் 5 வரை ஒழுங்காகச் செய்ய ஒரு மணி நேரம் போதும். உற்பத்தி மேனேஜர் தலைமேல் நின்றாலும் அந்த ஒரு மணி நேரத்தைக் கேட்டு வாங்குங்கள்.

10. சரியான பிறகு

மெஷினை உடனே ஜாபுக்குக் கொடுக்காதீர்கள். ஜாப் இல்லாமல் ஆக்சிஸை முழு நீளத்துக்கு 25 சதவீத ரேப்பிடில் தொடங்கி, 50, 100 என்று ஏற்றி ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். பிரேக் வேலை என்றால் எமர்ஜென்சியைப் பத்து தடவை அழுத்தி எடுத்து, ஒவ்வொரு தடவையும் முதல் நகர்வைப் பாருங்கள். தலை கீழே சரிகிறதா என்று டயல் வைத்தும் பாருங்கள். எங்கள் இசட் இப்போது நிற்கும்போது 30 சதவீதம், 1,000 மி.மீ. வேகத்தில் ஏறும்போது 38 காட்டுகிறது. எல்லா ஆக்சிஸுக்கும் இந்த எண்களையும் 300இன் எண்களையும் ஒரு அட்டையில் எழுதி பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறோம். மாதம் ஒரு தடவை அளந்து பக்கத்தில் தேதியோடு எழுதுகிறோம்.

3111ஐ மாற்றுவதற்காக 1 ஆக்கித் திறந்த 'பாராமீட்டர் ரைட்' அமைப்பை (பாராமீட்டரை மாற்ற அனுமதிப்பது) மறக்காமல் 0 ஆக்குங்கள். திறந்தே இருக்கும்வரை 100 அலாரம் காட்டிக்கொண்டிருக்கும். இரவு ஷிப்டில் யார் கையாவது 1828 பக்கம் போய்விடக்கூடாது.